நிறவெறியை எதிர்த்த இளநங்கை தில்லையாடி வள்ளியம்மை



பிறந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக அமைவது அரிது. வள்ளியம்மைக்கு அப்படி அமைந்தது. 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அவள் பிறந்தாள். 1914ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 22ஆம் நாள் கண்மூடினாள். இடையில் இருந்தவை பதினாறே ஆண்டுகள். நம்மில் ஒருத்தி பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் காலடி வைக்கும் வயது அது.

அந்த வயதிற்குள் அவள் பட்டம் பெறவில்லை, பதவி வகிக்கவில்லை, மேடையேறிப் பேசிப் புகழ் பெறவும் இல்லை. தோலின் நிறத்தை அளவுகோலாக வைத்து மனிதரை உயர்த்தியும் தாழ்த்தியும் நிறுத்திய ஓர் அரசை எதிர்த்து, தானே விரும்பிச் சிறை சென்றாள். அந்தச் சிறையில் பற்றிய காய்ச்சலே அவள் உயிரைக் குடித்தது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் இரண்டு நாடுகள் அவளை நினைவில் வைத்திருக்கின்றன. பைல் நாட்டுப் பெண்களாகிய நாமும் அவளை அறிந்துகொள்ள வேண்டாமா?

கப்பலேறிய தமிழர்

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நேட்டால் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஆங்கிலேயர் கரும்புத் தோட்டங்கள் அமைத்தனர். வேலைக்கு ஆள் வேண்டும் என்று இந்தியாவில் தேடினர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1911 வரை ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் அவ்வாறு கப்பலேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தார்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடியும் வரை முதலாளியை விட்டு விலக முடியாது, விலகினால் சிறை. இவர்களைத் தொடர்ந்து வணிகம் செய்யவும் பிழைப்புத் தேடியும் சொந்தச் செலவில் சென்றவர்கள் வேறு ஒரு பிரிவினர்.

வள்ளியம்மையின் குடும்பத்து வேர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. தந்தை முனுசாமி முதலியார், தாய் மங்களம். அவர்கள் டிரான்ஸ்வாலில் உள்ள ஜோகன்னஸ்பர்க் நகரில் குடியேறி, சிறு வியாபாரம் செய்து வாழ்ந்தனர். வள்ளியம்மை பிறந்தது அந்நகரிலேதான். தாய்நாட்டை அவள் பெற்றோர் வாய்மொழியாகவே அறிந்தாள்.

நடைபாதையிலும் நிறம்

ஜோகன்னஸ்பர்க் தங்கத்தால் எழுந்த நகரம். 1886இல் அங்கே தங்கச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணுக்குள் இறங்கித் தங்கத்தைத் தோண்டியவர் கறுப்பின மக்கள். அதன் பயனைக் கொண்டவர் வெள்ளையர். இந்தியர் இரண்டு பக்கமும் சேராமல் நடுவே நின்றனர்.

அந்நாட்டில் நிறவெறி என்பது என்றோ ஒருநாள் நிகழும் பெருங்கொடுமையாக மட்டும் இருக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு கதவை அடைப்பது வரை, ஒவ்வொரு சிறு செயலிலும் அது உடன் வந்தது. வெள்ளையர் நடக்கும் நடைபாதையில் நிறமுள்ளவர் நடக்கக் கூடாது. தெருவில் இறங்கி நடக்க வேண்டும். வெள்ளையர் ஏறும் டிராம் வண்டியில் மற்றவர் ஏறக் கூடாது. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர் தமக்கென ஒதுக்கிய இடங்கள் தவிர வேறெங்கும் நிலம் வாங்க முடியாது; குடியுரிமையும் கிடையாது.

ஒரு குழந்தை நடக்கக் கற்கும்போதே, எங்கே நடக்கக் கூடாது என்பதையும் கற்க வேண்டியிருந்தது. வள்ளியம்மை வளர்ந்தது இந்தச் சூழலில்தான். புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை.

இந்தியரைக் காட்டிலும் பெருந்துன்பம் அனுபவித்தவர் அம்மண்ணின் மக்களாகிய கறுப்பினத்தார். அவர்களுள்ளும் பெண்களின் நிலை மிகக் கொடிது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்னும் மாகாணத்தின் நகரங்களில், கறுப்பினப் பெண்கள் அனுமதிச் சீட்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். துணி வெளுக்கப் போனாலும், வீட்டு வேலைக்குப் போனாலும், வழியில் காவலர் மறித்துச் சீட்டைக் கேட்பார். சீட்டு இல்லையெனில் அபராதம் அல்லது சிறை. சீட்டைச் சோதிக்கிறோம் என்று பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்ட காவலரும் இருந்தனர்.

1912இல் அப்பெண்கள் ஏறத்தாழ 5,000 பேரின் கையொப்பம் திரட்டி, தலைமை அமைச்சர் போத்தாவுக்கு விண்ணப்பம் அளித்தனர். பயன் விளையவில்லை. 1913 மே மாதம் புளூம்ஃபொன்டீன் நகரில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஊர்வலமாகச் சென்று சீட்டுகளைக் கிழித்து எறிந்தனர். பலர் மகிழ்ச்சியோடு சிறை புகுந்தனர். வள்ளியம்மை போராட்டத்தில் இறங்கியதும் அதே 1913ஆம் ஆண்டில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கைரேகையும் தலைவரியும்

1907ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியரும் சீனரும் பத்து விரல் ரேகைகளையும் பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும் என்றது அச்சட்டம். குற்றவாளிகளிடம் வாங்கும் கைரேகையை நேர்மையாக உழைப்பவரிடம் கேட்டது அவர்கள் நெஞ்சைச் சுட்டது. காந்தியடிகள் தலைமையில் இந்தியர் எதிர்த்து நின்றனர். 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்பு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன. அப்போது வள்ளியம்மைக்கு வயது பத்து.

மறு ஆண்டு நாகப்பன் என்னும் தமிழ் இளைஞர் சிறை சென்றார். தென்னாப்பிரிக்காவில் ஜூலை மாதம் கடுங்குளிர்க் காலம். சிறை முகாமில் குளிரிலே வேலை வாங்கப்பட்ட அவர், நுரையீரல் காய்ச்சல் கண்டு, விடுதலையானவுடன் 1909 ஜூலை 6ஆம் நாள் இறந்தார். வயது பதினெட்டு.

நேட்டாலிலோ மற்றொரு கொடுமை. ஒப்பந்தம் முடிந்த கூலியாட்கள் அங்கேயே தங்கினால் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் செய்தனர். பின்னர் அதை அவர்களுடைய பிள்ளைகள் மீதும் சுமத்தினர். ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயது முதல். பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது முதல். கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பெண்கள் உள்ள ஒரு குடும்பத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 12 பவுன். அதாவது 240 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் கூலி வாங்குபவனுக்கு இது இரண்டு ஆண்டுக் கூலி! கட்ட முடியாதவர் மீண்டும் ஒப்பந்தக் கூலியாகச் செல்ல வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். வரியின் நோக்கமே அதுதான்.

மனைவியல்ல என்ற தீர்ப்பு

1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடந்த திருமணங்களும், அரசுப் பதிவாளர் முன் பதிவான திருமணங்களும் மட்டுமே அந்நாட்டில் செல்லும் என்பது அதன் சாரம். ஒரே தீர்ப்பால் இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் என்னும் தகுதியை இழந்தனர். அவர்கள் பெற்ற பிள்ளைகளும் முறைப்படி பிறந்தவர் அல்லர் என்றாயினர்.

அதுவரை வீட்டிலிருந்தபடி துணை நின்ற பெண்கள் வெளியே வந்தனர். செப்டம்பரில் கஸ்தூரிபாயும் பிறரும் நேட்டாலிலிருந்து எல்லை கடந்து சிறை சென்றனர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தமிழ்ப் பெண்களின் முதல் குழு ஒன்று புறப்பட்டது. பதினொரு பேர் கொண்ட அக்குழுவில் ஒருவர் தவிர அனைவரும் தமிழர். ஆறு பேரின் கையில் பால்குடி மறவாத குழந்தைகள். உரிமம் இல்லாமல் பொருள் விற்றனர். காவலர் கைது செய்யவில்லை. அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்தனர். அப்போதும் கைது இல்லை. நியூகாசில் என்னும் ஊரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியைப் பற்றி எடுத்துரைத்தனர். அவர்கள் தமிழில் பேசிய பேச்சு காட்டுத் தீ போல் பரவியது. அக்டோபர் நடுவில் வேலை நிறுத்தம் தொடங்கியது.

சுரங்கக் குடியிருப்பைவிட்டு வந்தவர்களுக்கு இடம் வேண்டுமே! லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் தம் சிறு வீட்டைத் திறந்துவிட்டார். இரண்டு மூன்று அறைகளே உள்ள வீடு. அதில் அடுப்பு இரவும் பகலும் அணையவில்லை. அவர் மனைவி ஓய்வின்றிச் சமைத்துப் போட்டார். முகம் மட்டும் வாடவில்லை. சேர்ல் தீர்ப்பு அவர்களுடைய திருமணத்தைத் தொடவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்ட அவ்விருவரையும் நம் போன்ற பள்ளிகளில் மறவாமல் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 21ஆம் நாள் அப்பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றுச் சிறை புகுந்தனர். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியடிகளுடன் எல்லை நோக்கி நடந்தனர். அந்நெடும் பயணத்தில் இரு தாய்மார் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். ஒன்று குளிரில் இறந்தது. மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி வெள்ளத்தில் போயிற்று. ஆயினும் நடை நிற்கவில்லை.

சிறையில் வள்ளியம்மை

முதல் குழுவைத் தொடர்ந்து புறப்பட்ட பெண்களுடன் வள்ளியம்மையும் தாய் மங்களமும் சேர்ந்துகொண்டனர். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த அவர்களை நேட்டாலின் மூன்று பவுன் வரி தொடவில்லை. பிறர் படும் துன்பத்திற்காகவே தாயும் மகளும் வீட்டைவிட்டுக் கிளம்பினர். நேட்டாலில் ஊர் ஊராகச் சென்று, வேலை நிறுத்தம் செய்தவர்கள் மனம் தளராதிருக்க ஊக்கம் அளித்தனர். டிசம்பர் 22ஆம் நாள் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டாள்.

1893இல் வெள்ளையர் பெட்டியில் பயணம் செய்தார் என்று காந்தியடிகளை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊரும் இதுவே. இருபது ஆண்டுகள் ஆகியும் அவ்வூரில் நிறத்தின் ஆட்சி மாறவில்லை.

சிறையில் பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை. உணவோ வாயில் வைக்க இயலாதது. வெளியிலிருந்து உணவு வரவும் அனுமதியில்லை. உயரமாக வளர்ந்த வள்ளியம்மையின் உடல் நாளுக்கு நாள் மெலிந்தது, கடுங்காய்ச்சல் பற்றிக்கொண்டது. அதிகாரிகள் தண்டனைக் காலத்திற்கு முன்பே விடுவிக்க முன்வந்தனர். அவள் ஏற்கவில்லை. உடன் வந்தவர்கள் உள்ளே இருக்கும்போது, தான் மட்டும் வெளியேறுவது முறையாகாது என்பது அவள் எண்ணம்.

1914 ஜனவரியில் விடுதலையாகி வெளியே வந்தபோது அவளால் நிற்கவும் முடியவில்லை. போர்வையில் வைத்துத் தூக்க வேண்டிய நிலை. காந்தியடிகள் பார்க்க வந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாளா என்று வினவினார். வருத்தம் சிறிதும் இல்லை என்றும், இப்போது அழைத்தாலும் மீண்டும் சிறை செல்ல ஆயத்தம் என்றும் அவள் தெரிவித்தாள். அதனால் சாவு நேர்ந்தாலும் அஞ்சவில்லை என்பதையும் உணர்த்தினாள். சில நாட்களில், தன் பதினாறாம் பிறந்த நாளன்று உயிர் நீத்தாள். ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டீன் கல்லறைத் தோட்டத்தில் அவள் உறங்குகிறாள்.

வென்றதும் வெல்லாததும்

அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது; இந்தியரின் திருமணங்கள் செல்லும் என்றாயிற்று. ஜூலை மாதம், தாயகம் திரும்புமுன், நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் எழுப்பிய நினைவுக் கற்களின் திறப்பு விழாவில் காந்தியடிகள் கலந்துகொண்டார்.

ஆனால், நிறவெறி ஒழிந்துவிட்டதா? இல்லை. இந்தியருக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை. கறுப்பினத்தார் நிலையோ முன்னிலும் தாழ்ந்தது. 1913 ஜூன் மாதம் வந்த நிலச் சட்டம், நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கை மட்டும் அவர்களுக்கு ஒதுக்கியது. அந்நாளில் இந்தியர் தமக்காகத் தனியே போராடினர். கறுப்பினத்தாரும் தனியே போராடினர். காந்தியடிகளின் தொடக்கக் கால எழுத்துகளில் கறுப்பினத்தாரைத் தாழ்வாகக் குறிப்பிட்ட இடங்கள் உண்டு. பெரியவர்கள் வாழ்விலும் இத்தகைய குறை இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தன்னைத் தாழ்த்துபவனை எதிர்ப்பது எளிது. தனக்குக் கீழே ஒருவரை வைக்காமலிருப்பது அரிது.

அந்த அரிய பாடத்தைப் பின்வந்தோர் சிறிது சிறிதாகக் கற்றனர். அமெரிக்கா சென்று அறிவியல் பட்டம் பெற்றுத் திரும்பிய கறுப்பினப் பெண்மணி சார்லட் மக்செகே, 1918இல் கறுப்பினப் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டு, அனுமதிச் சீட்டை எதிர்த்துப் பாடுபட்டார். 1947இல் கறுப்பினத் தலைவர் சூமாவும், இந்தியத் தலைவர்களான நாயக்கரும் தாதூவும் இணைந்து போராட உடன்பாடு செய்தனர். 1956 ஆகஸ்டு 9ஆம் நாள், ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியா நகரில் அரசு மாளிகை முன் திரண்டனர். கறுப்பினத்தாராகிய லிலியன் ந்கோயி, வெள்ளையராகிய ஹெலன் ஜோசப், இந்தியராகிய ரஹீமா மூசா, கலப்பினத்தாராகிய சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர் முன்னின்றனர். நான்கு நிறமும் ஒரே அணி!

1913 போராட்டத்தில் முன்னின்ற தம்பி நாயுடுவின் பேத்தி சாந்தி. 1969இல் அவரைத் தனிச்சிறையில் அடைத்து, கறுப்பினப் போராளி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தினர். அவர் மறுத்துவிட்டார், அதற்காக மேலும் சிறைத் தண்டனை ஏற்றார். வள்ளியம்மை விட்ட இடத்திலிருந்து தமிழ்ப் பெண் ஒருத்தி இவ்வாறு தொடர்ந்தாள்.

1994இல் எல்லா நிறத்தாரும் வாக்களித்தனர். நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானார். 1997இல் பிராம்ஃபொன்டீனில் நாகப்பன், வள்ளியம்மை ஆகியோரின் நினைவுக் கற்கள் மீண்டும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 

நம் நாடும் அவளை மறக்கவில்லை. 1915இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தார். 1971இல் அவ்வூரில் நூலகத்துடன் கூடிய நினைவு மண்டபம் அமைந்தது. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கட்டடம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008 டிசம்பர் 31ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை அவள் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நம் கடமை

தங்கையரே, இது கடல் கடந்த கதை என்று நாம் ஏட்டை மூடிவிடலாமா?

கொல்லி மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் படிக்கவோ வேலைக்கோ சமவெளி செல்லும் நம் பெண்களை, மலைக்காரி என்று ஏளனமாகப் பார்க்கும் கண்கள் உண்டு. பேச்சு, உடை, நிறம் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்படிக் குத்தும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடைபாதையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்களின் நெஞ்சும் அப்படித்தான் குத்துண்டிருக்கும்.

ஆனால், நம் வீட்டுக்குள்ளும் சற்றே பார்ப்போம். குழந்தை பிறந்ததும் முதலில் கேட்பது அதன் நிறத்தைப் பற்றி அல்லவா? கறுத்த பெண்ணுக்கு வரன் அமைவது கடினம் என்று பேசுபவர் யார்? வகுப்பில் தோழியின் நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்பவர் யார்? படிப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டு நகரங்களுக்கு வரும் மாணவியரைத் தெருவில் நின்று வெறித்துப் பார்ப்பதும், கேலி பேசுவதும், வாடகைக்கு வீடு தர மறுப்பதும் இங்கே நடக்கின்றன. 1913இல் தென்னாப்பிரிக்காவில் தமிழருக்கு வலித்தது, இன்று அவர்களுக்கு நம் மண்ணில் வலிக்காதா?

சிறை செல்லும்படி இன்று நம்மை யாரும் அழைக்கவில்லை. நாம் செய்யக் கூடியவை எளியவை. நிறத்தைச் சொல்லி ஒருத்தியைக் கேலி செய்யும்போது உடன் சேர்ந்து சிரிக்காதிருப்போம். தனியே உட்கார்ந்திருப்பவள் அருகில் போய் அமர்வோம். நம்மை ஒருவர் இழிவாகப் பேசினால், அஞ்சாமல் நிமிர்ந்து நின்று தவறென்று சொல்வோம். பிறரை இழிவாகப் பேசினாலும் அதே துணிவோடு சொல்வோம். லாசரஸ் வீட்டு அம்மையார் செய்தது இதுதான். தன்னைத் தொடாத வரிக்காகச் சிறை சென்ற வள்ளியம்மை செய்ததும் இதுதான்.

வரும் பிப்ரவரி 22ஆம் நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வள்ளியம்மையின் பெயரை ஒருமுறை சொல்வோம். அவளோடு, புளூம்ஃபொன்டீன் தெருவில் சீட்டைக் கிழித்தெறிந்த கறுப்பினச் சகோதரிகளையும் சேர்த்து நினைப்போம்.